ஐ-லீக், 2018–19 பருவம்

இந்தியக் கழகக் கால்பந்தின் தேசிய லீக் போட்டிகளில் ஒன்றான ஐ-லீக்கின் பன்னிரண்டாவது பருவம். 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது. 2019 மார்ச் 9 அன்று கோப்பை யாருக்கு என்பது முடிவானது. பதினோரு அணிகள், அணிக்கு இருபது ஆட்டங்கள் என அட்டவணையில் மொத்தம் 110 ஆட்டங்கள். 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி எஃப்.சி. வாகை சூடியது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. இந்தப் பருவத்தை நாட்டின் முதல் அடுக்குப் போட்டியாகக் கொள்வதா, இரண்டாம் அடுக்காகக் கொள்வதா என்பதில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. அன்றைய விதிப்படி ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக்கோடு முதல் அடுக்கைப் பகிர்ந்துகொண்ட போட்டி. பணத்தையும் ஒளிபரப்பையும் வைத்துப் பார்த்தால் அப்போதே அது இரண்டாம் அடுக்கு. பருவம் முடிந்த ஏழு மாதங்களில் காகிதத்திலும் இரண்டாம் அடுக்கானது. இந்த இறக்கம் ஆட்டக்களத்தில் நிகழ்ந்ததல்ல, அதற்கு வெளியே கையெழுத்தான ஒப்பந்தங்களின் விளைவு என்பதே சான்றுகளிலிருந்து பெறக்கூடிய நியாயமான முடிவு. அந்த முடிவுக்கு வலுவான ஆதாரமும் இந்தப் பருவமே.

முன்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996-க்கு முன் இந்தியாவில் நாடு தழுவிய லீக் கிடையாது. அந்த ஆண்டு தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தை பஞ்சாபின் ஜே.சி.டி. வென்றது. சென்னையின் இந்தியன் வங்கி அணியும் சில பருவங்கள் அதில் ஆடியது. 2007 நவம்பரில் அந்தப் போட்டி ஐ-லீக் என்ற பெயரில் புதிதாகத் தொடங்கப்பட்டது. முதல் ஆறு பருவங்களின் பட்டங்களையும் கோவாவின் டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ், சல்காவ்கர் ஆகிய மூன்று கழகங்களே தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. மஹிந்திரா யுனைடெட்டும் ஜே.சி.டி.யும் இக்காலத்தில் மூடப்பட்டன. நிறுவனங்கள் நடத்திய அணிகளின் காலம் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

அடுக்குச் சிக்கலின் வேர் 2010 டிசம்பரில் இருக்கிறது. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் பிள்ளைதான் 2014-இல் பிறந்த இந்தியன் சூப்பர் லீக். தொடக்கத்தில் அது இரண்டு மாதத் திருவிழாவாக மட்டுமே இருந்தது. ஐ-லீக் கழகங்களின் ஆட்டக்காரர்களே அங்கும் போய் ஆடித் திரும்பினார்கள். 2016-இல் கூட்டமைப்பு முன்வைத்த திட்டம் சூப்பர் லீக்கை உச்சியிலும் ஐ-லீக்கை அதற்கடுத்த படியிலும் வைத்தது. அதை ஏற்காத டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் ஆகிய கோவாக் கழகங்கள் லீக்கைவிட்டு வெளியேறின. அவற்றின் விலகலால் காலியான இடத்தில், முந்தைய பருவத்தில் கீழே இறக்கப்பட்டிருந்த மிசோரமின் ஐஸால் எஃப்.சி. திரும்பச் சேர்க்கப்பட்டது. அதே ஐஸால், காலித் ஜமீலின் பயிற்சியில், 2016–17 பட்டத்தை வென்றது. வெற்றிபெற்ற கழகம் தனக்குச் சூப்பர் லீக்கில் இடம் கேட்டது, கிடைக்கவில்லை. 2017-இல் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு இடைக்கால ஏற்பாடாக இரு லீக்குகளும் ஒரே நேரத்தில் நடக்க இசைந்தது. ஐ-லீக் வெற்றியாளருக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றும், சூப்பர் லீக் வெற்றியாளருக்கு அதற்கடுத்த நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையும் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. இரு முறை ஐ-லீக் பட்டம் வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி. அந்தக் கோடையிலேயே சூப்பர் லீக்குக்கு மாறியது. 2017–18 பட்டத்தை மினர்வா பஞ்சாப் கடைசி நாளில் கைப்பற்றியது.

2018–19 பருவத்துக்குள் சென்னை சிட்டி நுழைந்தபோது அதைப் பட்டத்துக்கு உரியதாகக் கருதியவர் மிகச் சிலரே. 1946-இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் தொடங்கப்பட்ட அந்தக் கழகம், 2016–17 பருவத்தில் நேரடி அனுமதி பெற்று ஐ-லீக்கில் சேர்ந்திருந்தது. முதல் இரு பருவங்களிலும் புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடித்தது. சென்னையை விட்டுக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தைத் தன் களமாக்கிக்கொண்டதும் இந்த இடைவெளியில்தான். 2017–18-இல் அணியின் நடுக்களத்தில் ஒளிர்ந்தவர் கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். அவரை அந்தப் பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் எடுத்துக்கொண்டது. எஞ்சிய அணியை சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் மாற்றியமைத்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பல திசைகளிலிருந்து பொறுக்காமல், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிப் பழகியவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். முன்களத்தில் பெத்ரோ மான்சி, நடுக்களத்தில் சாந்த்ரோ ரொத்ரீகெஸ், நெஸ்தோர் கோர்தியோ, பின்களத்தில் ரொபெர்த்தோ எஸ்லாவா, கோல் காப்பில் நௌசெத் சந்தானா. இவர்களுடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழகத்து ஆட்டக்காரர்கள். பந்தைத் தரையில் வைத்து, குறுகிய பாஸ்களால் முன்னேறும் ஆட்டம். நெட்டுதை உதைத்து முன்னால் ஓடும் பழக்கம் இன்னும் போகாத லீக்கில் அது பார்ப்பதற்கே வேறாக இருந்தது. தொடக்க ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணியை 4–1 என வென்றார்கள். மான்சி அதில் ஹாட்ரிக் அடித்தார். பருவம் முடிகையில் அவர் கணக்கில் 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. ஈஸ்ட் பெங்காலோடு ஆடிய இரு ஆட்டங்களையும் சென்னை சிட்டி வென்றது. ஒரே ஒரு புள்ளியில் முடிந்த பந்தயத்தில் அந்த ஆறு புள்ளிகளின் எடையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பருவத்தின் மற்றொரு புதுமை ரியல் காஷ்மீர். 2014 வெள்ளத்துக்குப் பின் ஸ்ரீநகரில் முளைத்து, 2016-இல் முறையாகக் கழகமாகி, இரண்டாம் டிவிஷனை வென்று மேலேறி வந்த அணி அது. காஷ்மீரிலிருந்து தேசிய லீக்குக்கு வந்த முதல் கழகமும் அதுவே. ரேஞ்சர்ஸ் கழகத்தின் முன்னாள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் டேவிட் ராபர்ட்சன் அதன் பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே நடப்பு வாகையர் மினர்வாவை அவர்கள் ஊரிலேயே 1–0 என வீழ்த்தியது. ஸ்ரீநகரின் செயற்கைப் புல் மைதானத்தில் குளிர்காலத்தில் ஆட்டம் வைப்பதன் சிக்கல்கள் லீக்குக்கு அதுவரை அறிமுகமில்லாதவை. பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் அங்கே ஆடவேண்டிய ஆட்டம் பனிப்பொழிவால் தள்ளிப்போனது. பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்குப் பின் நிலைமை முற்றிலும் மாறியது. நான்கு நாள் கழித்து நடக்கவேண்டிய ஆட்டத்துக்கு, பாதுகாப்பைக் காரணம் காட்டி, மினர்வா ஸ்ரீநகருக்கு வரவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் தில்லிக்கு மாற்றப்பட்டது. அதில் காஷ்மீர் தோற்றது. அதுவரை பட்டப் போட்டியில் இருந்த அணியின் சொந்தக் களம் கடைசிக் கட்டத்தில் பறிபோனது பட்டத்தின் போக்கையே மாற்றியது என்று சொல்வோர் உண்டு. அதை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. தில்லி ஆட்டத்தால் கூடுதல் பலன் கண்ட ஈஸ்ட் பெங்காலும் பட்டம் வெல்லவில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லலாம்.

மார்ச் முதல் நாளன்று கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3–2 எனத் தோற்றதால், முன்னமே முடிந்திருக்கக்கூடிய விஷயத்தை சென்னை சிட்டி கடைசி நாள்வரை இழுத்துவந்தது. மார்ச் 9 மாலை புள்ளிக் கணக்கு 40-க்கு 39. கோயம்புத்தூரில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட, இடைவேளை வரை கோயம்புத்தூர் பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியால் சமன் செய்தார். அதன்பின் வந்த இரு கோல்களையும் போட்டவர் ஸ்பானியர் எவருமல்லர். அசாமைச் சேர்ந்த பின்கள ஆட்டக்காரர் கௌரவ் போரா. கோல் போடுவது தொழிலாக இல்லாத ஒருவர் லீக்கின் மிக முக்கியமான மாலையில் இரு முறை வலைக்குள் பந்தைச் செலுத்தினார் என்பது, ஆட்ட அறிக்கையின் வறண்ட வரிகளில்கூட நின்று படிக்க வைக்கும் செய்தி. முடிவு 3–1. கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப்பின் கோலால் முந்திய கோகுலத்தை, ஹைமே சாந்தோஸ் கொலாதோவின் பெனால்டியாலும் லால்தன்மாவியா ரால்தேயின் கோலாலும் ஈஸ்ட் பெங்கால் 2–1 என வென்றது. அந்த வெற்றி போதவில்லை. ஐ-லீக் என்ற பெயர் வந்ததிலிருந்து ஈஸ்ட் பெங்கால் அந்தப் பட்டத்தை ஒருமுறையும் தொட்டதில்லை; இந்தப் பருவமும் விதிவிலக்காகவில்லை. அதே ஊரின் மோகன் பகானுக்கு எதிரான இரு உள்ளூர்ப் போர்களையும் வென்றதே அதன் ஆறுதல். நடப்பு வாகையரான மினர்வா பட்டியலின் அடிப்பகுதியில் முடித்தது. இந்திய ஆட்டக்காரர்களை மட்டுமே களமிறக்கிய ஷில்லாங் லஜாங் கடைசி இடத்துக்குப் போய்த் தரமிறங்கியது.

இனி அடுக்குக் கேள்வி. 2018–19 ஐ-லீக் இரண்டாம் அடுக்கே என்போர் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். முதலாவது ஆட்டத் தரம். 2019 ஜனவரி ஆசியக் கோப்பைக்குச் சென்ற இந்திய அணி ஏறக்குறைய முழுமையாகச் சூப்பர் லீக் ஆட்டக்காரர்களால் ஆனது. இது உண்மை, ஆனால் இது எதைக் காட்டுகிறது என்பது வேறு விஷயம். சூசைராஜ் போன்றோர் ஐ-லீக்கில் உருவாகி, விலைக்கு மேலே போனவர்கள். நல்ல ஆட்டக்காரர்கள் சம்பளம் அதிகமான இடத்துக்குப் போனார்கள் என்பதைத் தவிர, இரண்டு போட்டிகளின் தரத்தையும் நேருக்கு நேர் அளக்க அந்தப் பட்டியல் உதவாது. இரண்டாவது, பார்வையாளர். தொலைக்காட்சியில் சூப்பர் லீக்குக்கே முதலிடம். இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. சூப்பர் லீக்கின் உரிமையாளர்களில் ஒன்றான ஸ்டார் நிறுவனமே ஐ-லீக்கின் ஒளிபரப்பையும் வைத்திருந்தது. பருவத்தின் நடுவே, மீதமிருந்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் காட்டப்போவதில்லை என்று அது அறிவித்தது. கழகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. காட்டாத ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று மக்கள்மேல் குறை சொல்வதில் பொருளில்லை. சால்ட் லேக் மைதானத்தில் நடந்த கொல்கத்தா டெர்பிக்கு, அதாவது ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஆட்டத்துக்கு, அறுபதாயிரத்துக்கு மேல் கூட்டம் வந்ததையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

மூன்றாவது காரணம்தான் கனமானது. அடுக்கு என்ற சொல்லே படிக்கட்டைக் கருதிச் சொல்லப்படுவது; மேலே ஏறவும் கீழே இறங்கவும் வழியிருந்தால்தான் ஒன்றை முதல் அடுக்கு, இன்னொன்றை இரண்டாம் அடுக்கு எனலாம். 2018–19-இல் இரு லீக்குகளுக்கும் இடையே அப்படி ஒரு வழி இல்லை. சூப்பர் லீக்கில் நுழைவு கட்டணத்தால். அங்கிருந்து இறக்கமே கிடையாது. இந்தியக் கால்பந்தில் அன்று இருந்த ஒரே படிக்கட்டு இரண்டாம் டிவிஷனிலிருந்து ஐ-லீக்குக்குச் சென்ற படிக்கட்டு. ரியல் காஷ்மீர் அதில் ஏறி வந்தது, லஜாங் அதில் இறங்கிப் போனது, இம்பாலின் டி.ஆர்.ஏ.யு. அதில் ஏறத் தயாராக நின்றது. இப்படிப் பார்த்தால் படிக்கட்டின் உச்சி ஐ-லீக்கே. இதற்கு வலுவான மறுப்பும் உண்டு: பட்டம் வென்ற சென்னை சிட்டியே அந்தப் படிக்கட்டில் ஏறி வந்ததல்ல. அதுவும் முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வாவும் நேரடி அனுமதியில் வந்த கழகங்கள். கூட்டமைப்பின் சொந்த இளைஞர் அணியான இந்தியன் ஆரோஸுக்கு இறக்கத்திலிருந்து விலக்கும் இருந்தது. ஆகவே ஐ-லீக்கின் படிக்கட்டும் தூய்மையானதன்று. ஆயினும் ஓட்டையுள்ள ஏணிக்கும் ஏணியே இல்லாத நிலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மறுப்பு அழித்துவிடவில்லை.

களத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம் இரு லீக்குகளின் அணிகளும் சந்தித்த சூப்பர் கோப்பை. 2018-இல் அதன் அரையிறுதியில் இடம்பெற்ற நான்கு அணிகளில் இரண்டு, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும், ஐ-லீக்கைச் சேர்ந்தவை. இறுதியில் பெங்களூரு ஈஸ்ட் பெங்காலை 4–1 என வென்றது. 2019-இல், தங்கள் எதிர்காலம் பற்றிக் கூட்டமைப்பு வாய் திறக்கவில்லை என்று ஐ-லீக் கழகங்கள் பலவும் போட்டியைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி கலந்துகொண்டது. புவனேஸ்வரத்தில் நடந்த காலிறுதியில் அது சந்தித்தது, சில வாரங்களுக்கு முன்புதான் சூப்பர் லீக் பட்டம் வென்றிருந்த பெங்களூருவை. முடிவு 2–1, சென்னை சிட்டிக்குச் சாதகமாக. அரையிறுதியில் எஃப்.சி. கோவா அதை 3–0 எனத் தோற்கடித்தது. ஓர் ஆட்டத்தை வைத்துக் கட்டடம் எழுப்பக் கூடாது. கோவா ஆட்டத்தை மறந்துவிட்டு பெங்களூரு ஆட்டத்தை மட்டும் சொல்வதும் நேர்மையாகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது இவ்வளவு: ஐ-லீக்கின் மேல்வரிசை அணிகளுக்கும் சூப்பர் லீக் அணிகளுக்கும் இடையே இருந்தது, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வழக்கமாக இருக்கும் பள்ளம் அல்ல.

அந்தக் காலிறுதிக்குப் பிறகு அரை ஆண்டு கடந்ததும் விஷயம் அலுவலகங்களில் முடிந்தது. 2019 அக்டோபர் 14 அன்று கோலாலம்பூரில் கழகங்களும் கூட்டமைப்பும் ஆசியக் கூட்டமைப்பும் கூடிப் பேசின. அங்கே உருவான வழித்திட்டத்தை அக்டோபர் 26 அன்று டா நாங் நகரில் ஆசியக் கூட்டமைப்பின் செயற்குழு ஏற்றது. 2019–20 முதல் சூப்பர் லீக்கே முதல் அடுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடம் அதன் லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கு. ஐ-லீக் வெற்றியாளருக்கு ஏ.எஃப்.சி. கோப்பை. 2022–23 முதல் ஐ-லீக் வாகையர் கட்டணமின்றி மேலே ஏறலாம். 2024–25 முதல் இரு திசையிலும் ஏற்ற இறக்கம். இத்திட்டத்தை ஆதரித்தோர், இரட்டை ஆட்சி நீடிக்க முடியாது, ஏதோ ஒரு போட்டி மேலே இருக்கத்தான் வேண்டும் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. எது மேலே என்பதைத் தீர்மானித்த அளவுகோல் ஆட்டமா, ஒப்பந்தமா என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. 2018–19 பருவத்தின் வெற்றியாளராகவே சென்னை சிட்டி 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் முதற்கட்டத் தகுதிச்சுற்றில், அகமதாபாத்தில், பஹ்ரைனின் ரிஃபாவிடம் 1–0 எனத் தோற்றது. பின்னர் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2 என ஓர் ஆட்டம் ஆடியது. கொரோனாவால் அந்தப் போட்டி கைவிடப்பட்டது. ஐ-லீக் பட்டத்துக்காக ஓர் இந்தியக் கழகம் ஆசியாவின் தலைமைப் போட்டிக்கு அனுப்பப்பட்டது அதுவே கடைசி முறை.

சென்னை சிட்டியின் அணி விரைவில் கலைந்தது. மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அது அப்போது ஜப்பானின் இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. வான்ஸ்பாலும் ரொமாரியோவும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சூப்பர் லீக்கில் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 2019-இல் கழகத்தின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியிருந்தும், 2020–21 பருவத்துக்குப் பின் ஐ-லீக் அணிகளில் அதன் பெயர் இல்லை.

பிந்தைய பருவங்கள்: 2019–20-இல் நான்கு சுற்றுகள் மீதமிருக்க மோகன் பகான் பட்டத்தை உறுதிசெய்தது, ஊரடங்கால் பருவம் அத்தோடு நின்றது. அடுத்து அந்தக் கழகம் சூப்பர் லீக் கழகமான ஏ.டி.கே.யோடு இணைந்து அங்கே போனது. ஈஸ்ட் பெங்காலும் போனது. கோகுலம் கேரளா 2020–21, 2021–22 பட்டங்களை வென்றது. மேலேறும் உரிமை அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 2022–23-இல் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், 2023–24-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் என இரு வாகையர் மேலே ஏறினர். 2024–25 பட்டத்தைக் கூட்டமைப்பு முதலில் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அறிவித்தது. 2025 ஜூலையில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அதை இன்டர் காசிக்கு மாற்றியது. சூப்பர் லீக்கிலிருந்து அந்தப் பருவத்தின் முடிவிலும் எந்த அணியும் இறக்கப்படவில்லை. 2010-இல் கையெழுத்தான வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் காலாவதியானது.